தாத்தாவின் டிரங்குப் பெட்டிகளை எந்த நூலகத்துக்குக் கொடுக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து விற்கப்போகிறோம். தாத்தாவின் இரண்டு டிரங்குப் பெட்டிகள் என் தலையில் விழுந்திருக்கின்றன. பஞ்சாங்கங்கள், நாடக நோட்டீஸ்கள், ரங்கூன் கடிதங்கள், தீபாவளி மலர்கள், அடியில் ஓர் ஏட்டுக்கட்டு (ஓலைச்சுவடி). ஒரு மலரை ராமபாணப் பூச்சி அட்டைக்கு அட்டை துளைத்திருக்கிறது. தொட்டால் ஓரம் அப்பளமாக நொறுங்குகிறது.

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடு" என்கிறார் சித்தப்பா. மனசு வரவில்லை. பக்கத்திலிருக்கும் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் சேர்த்த பழைய புத்தகம், பத்திரிகையெல்லாம் 1992இல் அவர் இறந்தபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அதில் கல்யாணப் பத்திரிகைகூட உண்டு. அப்புறம் நோட்டீஸை எப்படிக் குப்பை என்பது?

முன்பு ஓரிடத்தில் நூறு புத்தகம் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் கட்டுப் பிரிக்காமல் தாழ்வாரத்தில் கிடந்தது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

அதனால் கேட்கிறேன்: நூலகத்துக்கு நன்கொடை கொடுத்த அனுபவமுள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதலில் பட்டியல் போட்டு அனுப்பணுமா, அவர்களே வந்து பார்ப்பார்களா? ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும் பிரதிகளை என்ன செய்வார்கள்? ஏட்டுக்கட்டை மட்டும், ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்கும் சென்னை பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்குத் தனியாகக் கொடுக்கலாமா, எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது நல்லதா? குடும்பக் கடிதங்களை ஸ்கேன் செய்து நகல் தருவார்களா?

செல்லோடேப் ஒட்டாதே, வெயிலில் காயவைக்காதே என்று ஒரு நண்பர் சொன்னதால் பெட்டியை அப்படியே மூடி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பத்திரப்பதிவு. அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.