காணிக்கைக் கணக்கு கேட்பது சாந்தகுணத்துக்கு விரோதமா?

நெல்லை_வாசகன் (கேள்வி):
சபைக் கமிட்டியில் கணக்கு பற்றி யார் வாய் திறந்தாலும் "சாந்தகுணம் வேணும் தம்பி" என்று மத்தேயு 5:5-ஐ ("சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்") எடுத்து நீட்டிவிடுகிறார்கள். கேட்காமல் இருந்தால் மனசாட்சி குத்துகிறது, கேட்டால் குரல் ஏறிவிடுகிறது. எதிர்த்துப் பேசாமல் இருப்பதற்குப் பெயர்தான் சாந்தகுணமா? அடுத்த கூட்டத்தில் இதை எப்படிக் கேட்பது? பிரசங்கம் வேண்டாம், செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

வேதமாணவன்:
முதலில் மோசேயைப் பாருங்கள். பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 சொல்வது அவரைத்தான். அதே மோசே ஜனம் வணங்கிய பொன் கன்றுக்குட்டியைக் கண்டதும், கட்டளைகள் எழுதிய கற்பலகைகளைப் போட்டு உடைத்தவர். வாயில்லாப் பூச்சி இல்லை.

12-ம் அதிகாரத்தில் அவருடைய அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் குறைசொல்லிப் பேசியது அவருடைய மனைவியைப் பற்றி, அவருடைய பதவியைப் பற்றி. அங்கே மோசே தன் சார்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததும் "குணமாக்கும்" என்று கெஞ்சியவரும் அவரே. தனக்கு வந்த அவமானத்தை விழுங்கினார், ஜனத்தின் வழி கெட்டபோது விடவில்லை. உங்கள் விஷயத்திலும் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். "என்னை மதிக்கவில்லை" என்பது ஒன்று, "சபைப் பணத்துக்குக் கணக்கு இல்லை" என்பது வேறொன்று. கூட்டத்தில் முதலாவது மெதுவாக இரண்டாவதின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். குரல் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.

மோசேயின் தலைமையை எதிர்த்துக் கோராகு கூட்டம் எழும்பியபோது (எண். 16) மோசேக்குக் கடுங்கோபம் மூண்டது என்றே எழுதியிருக்கிறது. அப்போது அவர் சொன்னதைக் கவனியுங்கள்: நான் அவர்களில் ஒருவனுடைய கழுதையையும் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு ஒப்புவித்தார்! அதுவும் கர்த்தரிடம். பிறகு அதே சபைக்காக முகங்குப்புற விழுந்து மன்றாடினார். கேள்வி கேட்டாலே சாந்தகுணம் போய்விட்டது என்பவர்களுக்கு இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டலாம்.

கடைசியில் அவர் தவறியதும் சாந்தகுணத்தில்தான். எண். 20-ல் தண்ணீருக்காகக் கன்மலையிடம் பேசச் சொன்னார் கர்த்தர். அவர் "கலகக்காரரே" என்று ஜனத்தை ஏசி, கோலால் இரண்டு தரம் அடித்தார். ஜனம் முறுமுறுத்தது உண்மை, தண்ணீரும் ஏராளமாக வந்தது. ஆனாலும் வாக்களிக்கப்பட்ட கானான் நாட்டுக்குள் மோசே போகவில்லை. சங்கீதம் 106:33 அவர்மேல் வைக்கும் குற்றம், பதறிப் பேசினார் என்பது.

கணக்குப்பிள்ளை:
மேலே சொன்னது சரி. செய்முறைக்கு வருவோம்.

கூட்டத்தில் திடீரென்று கேட்காதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே பொருளாளரைத் தனியாகப் பாருங்கள். மத்தேயு 18:15 தனியாய்ப் போகச் சொல்வது தனிப்பட்ட குற்றத்துக்கு என்றாலும், இங்கேயும் உதவும். பாதிச் சந்தேகங்கள் ரசீது இடம் மாறியதால் வருபவை, அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தேதி, வவுச்சர் எண், தொகை, எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது, என்ன தெரிய வேண்டும், அவ்வளவுதான். எழுதியதை ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் "வேண்டுமென்றே", "வழக்கம்போல", "எல்லாருக்கும் தெரியும்" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். எதிராளி பிடித்துக்கொள்ளும் பிடி இவைதான். பேச்சு பணத்தை விட்டுவிட்டு உங்கள் குணத்துக்குத் தாவிவிடும்.

கூட்டத்தில் ஒருமுறை வாசியுங்கள். பதில் வரவில்லை என்றால் மினிட்ஸில் பதியச் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். அதே கேள்வியை மூன்றாம் முறை கேட்கும்போதுதான் மேசையைத் தட்டத் தோன்றும். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள்.

வசனம் காட்டி மடக்கினால் 2 கொரிந்தியர் 8:20-21 இருக்கிறது. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் அப்போஸ்தலர் பவுல் சேர்த்துக்கொள்கிறார். ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் சொல்கிறார். பவுலே தன்னைக் கணக்குக்கு உட்படுத்தியிருக்கிறார், நம் கமிட்டிக்கு என்ன குறைச்சல்?

மார்த்தாள்:
கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். சாந்தகுணம் என்ற சொல் அதிகமாகப் பாய்வது வீட்டில் அடிபடும் பெண்கள் மேல். 1 பேதுரு 3:4-ல் உள்ள "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி"யைக் காட்டி "பொறுத்துப் போம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த சில வசனம் தள்ளி, மனைவிக்குக் கனம் செய்யாத புருஷனுடைய ஜெபம் தடைப்படும் என்று இருப்பதை வாசிப்பதில்லை.

இயேசுவைக் கன்னத்தில் அறைந்தபோது அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). தன்னை விசாரியாமல் அடித்துச் சிறையில் போட்ட பிலிப்பி நகர அதிகாரிகளை, அவர்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் பவுல் (அப்போஸ்தலர் 16:37). சட்டத்தை நாடுவது சாந்தகுணத்துக்கு விரோதமில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 முதல் இருக்கிறது, மகளிர் உதவி எண் 181. ஆலோசனை கேட்டு வரும் பெண்ணிடம் போதகர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

நெல்லை_வாசகன்:
நன்றி. இத்தனைக்குப் பிறகும் கூட்டத்தில் குரல் உயர்ந்துவிட்டால்?

அன்னசி_ரசிகர்:
நான் கத்தோலிக்கன், புனித பிரான்சிஸ் சலேசியார் சொன்னதைச் சொல்கிறேன். 1602 முதல் 1622 வரை ஜெனீவாவின் ஆயர். நகரம் கால்வினியர் (கால்வினைப் பின்பற்றிய புராட்டஸ்டன்டுகள்) கையில் இருந்ததால் பக்கத்து ஊரான அன்னசியில்தான் தங்கினார், மாற்றுக் கருத்துக்காரர்களிடம் பேசிப் பழகிய மனிதர். கோபப்பட்டுவிட்டோம் என்று தெரிந்த உடனே, அதே ஆளிடம், ஒரு சாந்தமான செயலால் அதைச் சரிசெய்துவிடு என்பார். காயம் பச்சையாக இருக்கும்போதே மருந்திட வேண்டும் என்பது அவர் கணக்கு. உங்களுக்கு என்றால், கூட்டம் முடிவதற்குள் "சத்தமாகப் பேசினதுக்கு மன்னிக்கணும், கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது" என்று சொல்வது. கேள்வியையும் சேர்த்து வாபஸ் வாங்கிவிடாதீர்கள், நிறையப் பேர் சறுக்குவது அங்கே.

இன்னொன்று, கோபப்பட்டதற்காக உங்கள் மேலேயே எரிந்து விழாதீர்கள். அதுவும் கோபம்தான், ஆள்தான் மாறியிருக்கிறது என்று அதையும் கண்டிக்கிறார்.

வேதமாணவன்:
ஒரு திருத்தம். கோபமே இல்லாமல் வாழப் பழகுவது மேல் என்று சலேசியார் ஒரேயடியாகச் சொல்வார். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அப்படி இல்லை. நியாயமான இடத்தில் கோபமே வராததும் குறை என்பார் அவர், அவர் பார்வையில் சாந்தம் என்பது கோபத்தை அளவோடு நிறுத்தும் குணம். கணக்கு விஷயத்தில் நான் அக்வினாஸ் பக்கம்.

கணக்குப்பிள்ளை:
மன்னிப்புக் கேட்டால் அதையும் மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள், கேள்விக்குப் பக்கத்திலேயே. இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் மன்னிப்பு மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.