சின்ன வண்டியா, பெரிய வண்டியா: லோடு வண்டி வைத்திருப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாலக்கோடு தக்காளி:

குட்டி யானையா (டாடா ஏஸ்), 1.7 டன் ஏற்றுகிற பிக்கப்பா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. விலை, மைலேஜ் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். என்னை உறுத்துவது வேறு.

போன சீசனில் விலை ஏறியபோது உள்ளூர்ச் சந்தையில் போடாமல் கோயம்பேட்டுக்கு அனுப்பினேன். வாடகைப் பிக்கப், நானும் கூடவே போனேன். விடிவதற்குள் கிரேட் எல்லாம் இறங்கிவிட்டது. டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று டிரைவரைத் தேடினால், மனுஷன் காலித் தொட்டியில் தார்ப்பாயை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். "ரிட்டர்ன் லோடு கிடைக்காம எடுத்தா வாடகை டீசலுக்கே சரியாப் போயிடும்ணே. எப்ப கிடைக்கும்னு தெரியாது. நீங்க பஸ்ஸைப் புடிங்க" என்றார். பக்கத்தில் திருவள்ளூர்ப் பக்கத்துக் கீரைக்காரர் ஒருவர், குட்டி யானை வைத்திருந்தார். கட்டுகளை இறக்கினார், காசை எண்ணினார், கிளம்பிப் போய்விட்டார். காலி வண்டிதான், அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

ஊர் வரும்வரை அந்தப் படுத்திருந்த ஆள்தான் மனதில். பெரிய வண்டி வாங்கினால் நானும் அங்கே படுக்க வேண்டியதுதானா? சரி, சின்னதை வாங்கினால் அதே 300 கிலோமீட்டரைப் பாதி லோடோடு ஓட்டுவதில் என்ன லாபம்? எங்கள் காய் பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தைக்குத்தான் போகிறது. விலை ஏறினால் மட்டும் சென்னை. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

சோளக்காட்டுக்காரன்:

தட்டையான ரோட்டுக்கு இவ்வளவு யோசனையா? எங்கள் கொல்லிமலைக்கு வாருங்கள். காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவு.

பலாப்பழ சீசன். மச்சான் பிக்கப் ஓட்ட, கிளீனர் வேலை நான், பின்னால் தொட்டியில் ஒரு லோடுமேன் பையன். இறங்கும்போது ஒரு வளைவில் நேர் எதிரே பஸ். பஸ்காரர் முக்கால்வாசி திரும்பிவிட்டார், நாங்கள்தான் பின்னால் போக வேண்டும். லோடோடு, மேட்டில், ரிவர்ஸ். கிளட்சை விட்ட நொடியில் வண்டி முன்னால் ஒரு சாண் நகர்ந்தது. "கல்லு போடுடா" என்று மச்சான் கத்துகிறார். அந்த இடத்தில் கல்லே இல்லை. பையன் என்ன செய்தான் தெரியுமா? தொட்டியிலிருந்து ஒரு பலாப்பழத்தை இழுத்து முன் சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டான். வண்டி நின்றது. நின்று, மெதுவாகப் பழத்தை நசுக்கிக்கொண்டே ஏறியது. பிளந்து, பாலும் சுளையும் டயர் முழுக்க அப்பி, பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதற்குள் கியர் பிடித்துக்கொண்டது, தப்பித்தோம்.

எங்களுக்குப் பின்னால் வந்த குட்டி யானை ஓரமாக ஒதுங்கி, பஸ் போனதும் ஒரே வெட்டில் திரும்பி இறங்கிப் போய்விட்டது. அதைப் பார்த்துச் சின்னதுதான் மலைக்கு ஏற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடிவாரத்தில் அதே வண்டி நின்றது, சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. முக்கால் டன் வண்டியில் அவர் ஏற்றியிருந்த பழத்துக்கு பிரேக் என்ன செய்யும்? பிக்கப்பின் 2,523 சிசி இன்ஜினை இரண்டாவது கியரில் போட்டால் அதுவே வண்டியைப் பிடித்து இறக்கும். முதல் குட்டி யானை 2005-இல் வந்தபோது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். அது எவ்வளவு பிடிக்கும்? திரும்புவதற்குச் சின்னது, இறங்குவதற்குப் பெரியது. எதை வாங்க?

காங்கேயம் மாட்டுக்காரர்:

உங்களுக்காவது ரோடு இருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு வருவது இட்டேரி, குறுகலான மண் பாதை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. குட்டி யானை ஒன்றரை மீட்டர் அகலம், வேலியை உரசாமல் வந்துவிடும். பிக்கப் வந்தால் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு, முள் கீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

ஒரு சினை மாட்டைக் கருங்கல்பாளையம் சந்தைக்குக் கொண்டுபோனேன், குட்டி யானையில். ஈரோடு ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஒட்டி வந்து ஹாரன் அடித்தான். மாடு மிரண்டு குறுக்கே திரும்பிவிட்டது. அது இந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தால் வண்டியும் இந்தப் பக்கம் சாய்கிறது. ஸ்டீயரிங்கில் எனக்கு அது தெரிகிறது, கை நடுங்குகிறது. கண்ணாடியில் பார்த்தால் அதன் ஒரு கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தக்காளி கிரேட் இடம் மாறாது, தம்பி. உயிருள்ள பாரம் அப்படியில்லை.

அன்றைக்குப் பிறகு மாட்டுக்குப் பிக்கப்தான் கூப்பிடுகிறேன். என்ன, அது இட்டேரிக்குள் வராது. மாட்டை மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

திரேஸ்புரம்:

காங்கேயம் அண்ணே, வேலியை இரண்டு முழம் உள்ளே தள்ளிக் கட்டினால் தீர்ந்தது. அதற்காக ஆயுசு முழுக்க மாட்டை நடத்துவீர்களா?

என் கதை சின்னது. மீன் வியாபாரம். அரை டன் மீனுக்கு முக்கால் டன் வண்டி போதும் என்று குட்டி யானையைப் பேசி அனுப்பினார் எங்கள் பங்காளி. மீன் எடைக்கு நிகராக ஐஸ் போட வேண்டாமா? பெட்டி எடை வேறு. மதுரை ரோட்டில் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது அங்கிருந்தவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், பாலக்கோடு தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள். ஷோரூமில் சொல்கிற டன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்சியில் இரண்டு எடை இருக்கும்: காலி வண்டி எடை, லோடோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றலாம். அதிலும் டிரைவர், கூட வருகிற ஆள் எல்லாம் அடக்கம். வாங்கிய பிறகு மேலே இரும்புக் கூண்டு அடித்து, பக்கப் பலகை ஏற்றி, அடியில் தகடு போட்டால் அந்த எடை முழுக்க உங்கள் லோடிலிருந்துதான் கழியும். செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போனால் முதலில் காலி வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். அப்புறம்தான் இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. குட்டி யானை அதற்குள் தாராளமாக நிற்கும். 1.7 டன் பிக்கப் தாண்டிவிடும். நடுவில் இருக்கிற 1.25, 1.3 டன் வண்டிகள் பலவற்றை இந்தக் கோட்டுக்கு உள்ளேதான் வைத்திருக்கிறார்கள். குட்டி யானையா பிக்கப்பா என்று இரண்டை மட்டும் கேட்கிறீர்கள், ஓசூரில் செய்கிற 1.25 டன் தோஸ்த் 2011-இலிருந்து ரோட்டில் ஓடுகிறது, அது கண்ணில் படவில்லையா?

லைசென்ஸ் பயமும் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டுகிற எல்எம்வி லைசென்ஸே போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2017-இல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, புது வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம். ஓவர்லோடு பிடிபட்டால் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அதிகப்படி லோடை அங்கேயே இறக்கவும் வைக்கலாம். நடு ரோட்டில் தக்காளியை இறக்கி வைத்துக்கொண்டு நிற்பீர்களா? வாடகைக்கு ஏற்றினால் சரக்குக்காரன் அபராதத்தில் பங்கு தர மாட்டான், அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் ஏற்றுகிறவர்கள் யாராவது படித்தால்: உப்புத் தண்ணீர் தொட்டித் தகட்டைத் தின்றுவிடும், தினமும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மன்னார்குடி வைக்கோல்:

திரேஸ்புரம் அண்ணன் எல்லாவற்றையும் எடையிலேயே பார்க்கிறார். வைக்கோலுக்கு எடை ஒரு பேச்சே இல்லை. அறுவடை முடிந்ததும் மெஷின் வந்து உருளைக் கட்டாகக் கட்டிப் போட்டுவிட்டுப் போகும். புதுக்கோட்டைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஓட்டுவது வீட்டுக்காரர், கணக்கு நான்.

குட்டி யானைத் தொட்டி ஏழடி சொச்சம்தான். அதில் கட்டுப்படியாகிற அளவு ஏற்ற வேண்டுமென்றால் மேலே மேலேதான் அடுக்க வேண்டும். ஒரு தெருவில் கரண்டு கம்பி தாழ்வாகத் தொங்கியது. அந்த வீட்டுப் பையன், பத்து வயசு இருக்கும், திண்ணையிலிருந்து குதித்து ஓடிவந்து ஒரு கவைக் குச்சியால் கம்பியைத் தூக்கிப் பிடித்து, "போங்க போங்க" என்கிறான். தினமும் செய்கிற வேலையைப்போல அவ்வளவு சாதாரணமாக. நான் இறங்கி அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் வண்டியைப் பின்னால் எடுத்து ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம்.

பிக்கப்பில் ஒன்பதடி தொட்டி. அதே கட்டுகள் பரவலாக உட்காரும், உயரம் குறையும். எனக்குப் பெரிய வண்டி வேண்டும் என்று தோன்றியது அந்தக் கம்பியால்தான், எடையால் இல்லை. லோடு உயரமாகவோ பக்கவாட்டில் நீட்டியோ இருந்தாலும் அதே 20,000 அபராதம் உண்டு, அண்ணன் அதை விட்டுவிட்டார்.

ஆனால் டியூ, வண்டிக் கடனின் மாதத் தவணை என்று ஒன்று இருக்கிறதே. வைக்கோல் இருக்கிற மாதத்தில் கட்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வயல் எல்லாம் தண்ணீர், வண்டி வாசலில் நிற்கும். அந்த மாதம் பெரிய வண்டியின் டியூ யார் கட்டுவது? சின்னதிலேயே இருக்கிறோம். இப்போதெல்லாம் மேல் இரண்டு அடுக்கு ஏற்ற விடுவதில்லை.

சோளக்காட்டுக்காரன்:

அக்கா, அந்தப் பையன் கதை படித்ததும் பகீர் என்றது. எங்கள் பையனை நினைத்துக்கொண்டேன். இப்போது வண்டியில் இரண்டு மரக்கட்டை எப்போதும் கிடக்கிறது.

திரேஸ்புரம் அண்ணே, 1.25 டன் வண்டி எனக்கும் தெரியும். அதில் லோடோடு கொல்லிமலை இறங்கியிருக்கிறீர்களா? இறங்கிவிட்டு வந்து சொல்லுங்கள்.

பல்லடம்:

எல்லோரும் டீசலையே பேசுகிறீர்கள். 2022-லேயே குட்டி யானை மின்சாரத்தில் வந்துவிட்டது. ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்று சான்று. உள்ளூர்ச் சந்தைக்குப் போய்வர அதுவே போதுமே.

திரேஸ்புரம்:

அது வந்தபோது 600 கிலோதான் ஏற்றலாம் தம்பி. நான் ஐஸை மட்டும் ஏற்றிக்கொண்டு போகவா? சோளக்காடு தம்பி, மலை இறங்கியதில்லை. நீங்கள் ஐஸ் உருக உருக ஓட்டியிருக்கிறீர்களா?

செங்கம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எதற்கு வாங்க வேண்டும்? உள்ளூருக்கு வாடகைக் குட்டி யானை, சென்னைக்கு வாடகைப் பிக்கப். டியூ இல்லை, எஃப்சி இல்லை, ரிட்டர்ன் லோடு தேடிப் படுத்துக் கிடக்கிற வேலை டிரைவருக்கு. பாலக்கோடு அண்ணனை உறுத்துகிற ஆள் ஒருத்தர் இருப்பதால்தானே அவர் நிம்மதியாக பஸ்ஸில் வந்தார்?

பாலக்கோடு தக்காளி:

செங்கம் தம்பி, நல்ல கேள்வி. ஆனால் விலை ஏறுகிற அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு, காயைப் பறித்துக் கிரேட்டில் போட்டுவிட்டுப் போன் போட்டால், ஒருத்தர் "லைன்ல இருக்கேண்ணே" என்பார், இன்னொருத்தர் எடுக்கவே மாட்டார், மூன்றாமவர் இரண்டு மடங்கு வாடகை கேட்பார். வாடகை வண்டி கிடைக்காத அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

காங்கேயம் அண்ணன் சொன்ன பிறகு எங்கள் தோட்டத்து வண்டிப்பாதையைப் போய்ப் பார்த்தேன். ஓடையில் ஒரு குழாய்ப் பாலம் இருக்கிறது, கைப்பிடிச் சுவர் கிடையாது. அப்பா காலத்தில் மாட்டு வண்டிக்காகப் போட்டது. 1.7 டன் பிக்கப் லோடோடு நின்றால் மொத்தம் மூன்றரை டன் வந்துவிடுகிறது. குழாய் தாங்குமா என்று யாருக்காவது தெரியுமா? தாங்காவிட்டால் திரேஸ்புரம் அண்ணன் சொன்ன 1.25 டன்னைத்தான் பார்க்க வேண்டும். வேலியைத் தள்ளிக் கட்டுங்கள் என்ற மாதிரி, பாலத்தை இடித்துக் கட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அண்ணே.