ஆளுக்கு ஒரு வாக்கு: விம்பிள்டனில் என் அனுபவம்

ரசிகர்களே உறுப்பினர் அட்டை வாங்கிச் சொந்தக்காரராக இருக்கும் கால்பந்துக் கழகம் என்றால் பலருக்கும் பார்சிலோனாதான் நினைவுக்கு வரும். என் கழகம் அவ்வளவு பெரியது இல்லை. தென் லண்டனில் ஏஎஃப்சி விம்பிள்டன். நான் பக்கத்து ரூட்டிங்கில் இருக்கிறேன், கழகத்தின் பிளவ் லேன் மைதானத்துக்கு நடந்தே போய்விடுவேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1988இல் லிவர்பூலை வென்று எஃப்ஏ கோப்பை எடுத்த பழைய விம்பிள்டன் கழகத்தை, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் சில வாரங்களுக்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். ஊர்ப் பொதுத்திடலில் ஆட்டக்காரர் தெரிவு வைத்தபோது 230 பேர் வந்தார்களாம். இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் அடுக்கில் தொடங்கி, 2011இல் நான்காம் அடுக்குக்கு, அதாவது ஃபுட்பால் லீக்குக்கே ஏறிவிட்டார்கள். கழகத்தின் பெரும்பங்கு டொன்ஸ் ட்ரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பின் கையில். சந்தா கட்டினால் உறுப்பினர். எவ்வளவு காசு போட்டாலும் வாக்கு ஒன்றுதான்.

மகன் கேட்டதால்தான் நான் சேர்ந்தேன். ஆனால் இது என் கழகம் என்று எனக்குப் பட்டது 2019 கடைசியில். பழைய மைதானம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது, காசு போதவில்லை. வெளியாரின் முதலீட்டை வாங்கினால் பிடி நம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம். அதனால் ரசிகர்களிடமே கடன் கேட்டார்கள். குறைந்தது 1,000 பவுண். 5, 10, 20 வருஷம் என்று தவணையை நாமே தெரிவு செய்யலாம், வட்டியும் பூச்சியத்திலிருந்து 4 சதவீதம் வரை நம் விருப்பம்.

அந்தக் குளிரில் ஒரு நாள் ஆட்டம் பார்க்கும்போது பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவரிடம், எத்தனை வீதம் வட்டி போட்டீர்கள் என்று கேட்டேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, "பூச்சியம்" என்றார். "வட்டியை யாரிடம் வாங்குவது? என்னிடமேதானே!"

எங்களுக்கு அந்த மாதம் சீட்டுக் காசு விழுந்திருந்தது. மனைவியிடம் மெல்லச் சொன்னேன். "வீட்டுக் கூரை ஒழுகுது, நீங்கள் மைதானத்துக்குக் குடுக்கப் போறீங்களோ?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அவரே வந்து படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார். "அஞ்சு வருஷம். அதுக்கு மேல வேண்டாம்." வட்டிக் கட்டத்தில் பூச்சியம் போட்டதும் அவர்தான். அப்படி ரசிகர்கள் எல்லோரிடமிருந்தும் 50 லட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது.

2020 நவம்பர் 3, புது மைதானத்தில் முதல் ஆட்டம். கொரோனாவால் யாரையும் உள்ளே விடவில்லை. நானும் மகனும் தெருவில் நின்று மின்விளக்கு வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்தோம். உள்ளே பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது.

2024 செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகி, ஆடுகளத்தில் ஒரு பக்கம் குழியாக உள்ளே போய்விட்டது. நியூகாசில் கழகத்தோடு இருந்த கோப்பை ஆட்டத்தை அவர்களுடைய ஊருக்கே மாற்றினார்கள். நிதி சேர்க்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லப் போனேன். காலையிலேயே தன் போனிலிருந்து இருபது பவுண் அனுப்பிவிட்டாராம்.

*

நான் வேறொரு வாசகர், பெர்லினிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஊனியோன் பெர்லின் கழகத்தின் மைதானத்தை 2008, 2009இல் ரசிகர்களே திருத்திக் கட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், கூலி இல்லாமல், சுமார் 1,40,000 மணி நேர வேலை. அப்புறம் 2011இல் மைதானப் பங்குகளை உறுப்பினர்களுக்கே, ஒன்று 500 யூரோ என்று விற்றார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர் அப்போது கொங்கிரீட் போடப் போனவர். முதல் தடவை என்னை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனபோது, நின்று பார்க்கும் படிகளில் ஒரு இடத்தில் நின்று சப்பாத்தால் தட்டி, "இது நான் போட்டது" என்றார். இன்றைக்கும் அவர் அந்தப் படியில்தான் நிற்பார்.