லண்டனில் ஒரு சனிக்கிழமை: பழைய பப் விளையாட்டுகளை எங்கே விளையாடலாம்?

பல்லாங்குழி எழுதியது:

வணக்கம். அப்பா ரெண்டு மாசமா எங்களோட ரெடிங்ல இருக்கார். வயசு 71. லண்டன்ல காட்ட வேண்டியதெல்லாம் காட்டியாச்சு. கோட்டை, மியூசியம், பெரிய சக்கரம், எதிலயும் மனசு ஒட்டல. "எல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சிருக்கான்"னு ஒரே வரில முடிச்சுட்டார்.

ரயில்வேல இருந்த காலத்துல கேரம்ல அவரை யாராலயும் அசைக்க முடியாது. போன வாரம் டிவில டார்ட்ஸ் ஓடுச்சு, அதான் சின்ன அம்பைப் பலகைல எறியற ஆட்டம். ரெண்டு மணி நேரம் எழுந்திரிக்கல. கடைசில, "இந்த ஊர்க்காரங்க பப்புல இது ஒண்ணுதான் ஆடுவாங்களா?"ன்னார். எனக்குப் பதில் தெரியல. அதான் இங்க கேக்கறேன்.

ஒரே ஒரு சனிக்கிழமை கிடைக்கும். நாங்க ரெண்டு பேருமே குடிக்க மாட்டோம். அப்பாவுக்கு முட்டி வலி, படி இறங்கறது கொஞ்சம் சிரமம். வேடிக்கை பார்க்க வேண்டாம், அவர் கையால விளையாடணும். எங்க போகலாம்?

நகர்வலம் எழுதியது:

கோடாலி எறியறது, டேபிள் டென்னிஸ், ஸ்கோரைத் தானா கணக்குப் போடற டார்ட்ஸ்னு இப்ப சென்ட்ரல் லண்டன் முழுக்க இருக்கே. ஆன்லைன்ல புக் பண்ணிட்டுப் போங்க, கூரியர் மாதிரி டைமுக்கு முடிச்சு அனுப்பிடுவான்.

வெள்ளைக்குச்சி எழுதியது:

மேல சொன்னது வேற சமாச்சாரம். அங்க போனா அப்பா மறுபடி "கண்ணாடிக்குள்ள"ன்னுதான் சொல்வார்.

நான் பதினெட்டு வருஷமா லண்டன்ல இருக்கேன், அதுல பதினொரு வருஷம் பார் பில்லியர்ட்ஸ், அதாவது கோலால பந்தைக் குழில தள்ற பப் மேஜை ஆட்டம். லைம் சோடா குடிச்சிக்கிட்டேதான் ஆடறேன், இதுவரை ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல. ஆளுக்கு ஒரு கிளாஸ் ஏதாவது வாங்கிட்டா போதும். அதனால அந்தக் கவலையை விடுங்க.

முதல்ல ஒரு கசப்பான விஷயம். லண்டன்ல இந்த விளையாட்டுகள் ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஒரே நாள்ல அஞ்சு பப் ஏறி இறங்கலாம்னு திட்டம் போட்டா ரயில்லயே பொழுது போயிடும். போன வருஷம் நான் ஒரு இடத்துக்கு ஒண்ணரை மணி நேரம் பயணம் பண்ணிப் போனேன். மேஜை இருந்துச்சு. அது மேல பலகையைப் போட்டு, அதுக்கும் மேல பிறந்தநாள் கேக்! ஒரு இடம், மிஞ்சினா ரெண்டு. கிளம்பறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி, "மேஜை ஆடற நிலையில இருக்கா"ன்னு கேளுங்க. "இருக்கா"ன்னு மட்டும் கேட்டா இருக்குன்னுதான் சொல்வாங்க.

உங்கப்பாவுக்கு என்னோட தேர்வு பார் பில்லியர்ட்ஸ்தான். டெப்ட்ஃபோர்ட்ல டாக் அண்ட் பெல்னு ஒரு பப் இருக்கு, லண்டன் பிரிட்ஜ்ல இருந்து ஒரே ரயில். மேஜையைச் சுத்திச் சுத்தி வர வேண்டியதில்ல. எல்லா ஷாட்டும் ஒரே முனைல நின்னுதான். அதனாலதான் சின்ன பப்புலயும் ஒரு சுவரோட ஒட்டிப் போட முடிஞ்சது. முட்டி வலிக்காரருக்கு இதைவிடத் தோதான ஆட்டம் கிடையாது.

மேஜையோட ஓரத்துல பை கிடையாது. நடுவுலயே ஒன்பது குழி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பு, 10 புள்ளில இருந்து 200 வரைக்கும். ஏழு வெள்ளைப் பந்து, ஒரு சிவப்பு. சிவப்பு விழுந்தா ரெட்டிப்பு. குழிகளுக்கு முன்னால காளான் மாதிரி குச்சி நிக்கும். வெள்ளைக் குச்சியைத் தட்டிவிட்டா அந்த முறை எடுத்த புள்ளி போச்சு. 200 குழிக்கு முன்னால நிக்கற கறுப்பைத் தட்டிவிட்டா ஆரம்பத்துல இருந்து சேர்த்த மொத்தமும் போச்சு. என் பேருக்குக் காரணம் புரிஞ்சிருக்கும். கறுப்புக்குச்சின்னு வச்சிருந்தாத்தான் நியாயம்.

காசு போட்டதும் உள்ள ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கால் மணி நேரம் சுமாருக்கு "டக்"னு ஒரு சத்தம். உள்ள ஒரு கம்பி விழுந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் குழில விழற பந்து திரும்ப வராது. அந்த "டக்" கேட்ட பிறகுதான் உண்மையான ஆட்டமே. மேஜைல பந்து குறையக் குறைய எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. லீக் விதிப்படி கடைசிப் பந்தைப் பக்கவாட்டுச் சுவர்ல மோதவிட்டு 100லயோ 200லயோதான் போடணும். கேரம்ல ரீபவுண்ட் அடிச்சுப் பழகின கண்ணுக்கு அது ஒண்ணும் புதுசில்ல. பவுண்டு நாணயமா நாலஞ்சு கைல வச்சுக்குங்க.

இது ஒண்ணும் அரசர் காலத்து விளையாட்டு இல்லைங்கறதையும் சொல்லிடறேன். 1930கள்ல பெல்ஜியத்துல இருந்து வந்து ஒட்டிக்கிட்டது. பழசுன்னா ஹாம்ப்ஸ்டெட்ல ஃப்ரீமேசன்ஸ் ஆர்ம்ஸ் பப்புல இருக்கற லண்டன் ஸ்கிட்டில்ஸ்தான். ஒன்பது கனத்த மரக்கட்டைகளை வைர வடிவத்துல நிறுத்தி, 21 அடி தள்ளி நின்னு, "சீஸ்"னு சொல்ற மர வட்டு ஒண்ணை எறியணும். உருட்டக்கூடாது. காத்துல பறந்து போய்க் கட்டை மேலயே நேரா விழணும். பேர்தான் சீஸ், எடை நாலரை, அஞ்சு கிலோ வரும். எத்தனை எறில ஒன்பதும் சாயுதுங்கறதுதான் கணக்கு. நான் ஒரே ஒரு தடவை எறிஞ்சேன். ரெண்டு கட்டை விழுந்துச்சு, மூணு நாள் தோள் வலிச்சுது. ஆனா உங்களுக்கு இது சரிப்படாது. ஆடற இடம் நிலவறைல இருக்கு, படி இறங்கணும். அதோட அது கிளப் வச்சு நடத்தறாங்க. அவங்ககிட்ட முன்கூட்டியே எழுதிக் கேக்கணும், சனிக்கிழமை போய்க் கதவைத் தட்டினா ஆகாது.

கிழக்குக்கரை எழுதியது:

வெள்ளைக்குச்சி அண்ணை எல்லாத்தையும் சொல்லிப்போட்டார், டார்ட்ஸை விட்டிட்டார். தங்கச்சி, உங்கட அப்பா டிவியில பாத்தது வழமையான பலகை. கிழக்கு லண்டனுக்கெண்டு வேற ஒரு பலகை இருக்கு, லண்டன் ஃபைவ்ஸ் எண்டு பேர். இருவது பிரிவுக்குப் பதிலா பன்னிரண்டு. எண்களும் 20, 5, 15, 10 எண்டு திரும்பத் திரும்ப வரும், வேற எண்ணே கிடையாது. வழமையான ஆட்டத்தில 501 இல இருந்து எடுத்த புள்ளியைக் கழிச்சுக் கழிச்சுச் சைபரில முடிக்கிறது, இதில 505 இல இருந்துதான் கழிக்கிறது. எல்லாம் அஞ்சின் மடங்கெண்டபடியால் 501 ஐ எப்படி முடிக்கிறது?

மைல் எண்டில கால்வாய்க் கரையில, பார்க்குக்கு நடுவில தனிச்சு நிக்கிற பாம் ட்ரீ பப்பில நான் அந்தப் பலகையைக் கண்டிருக்கிறன். காசு தாளாக் கொண்டு போங்கோ, கார்ட்டை நம்பிப் போகாதேங்கோ.

எண்டாலும் கேரம்காரருக்கு ஷவ் ஹேப்பென்னியைச் சொல்லாமல் விடுறது பாவம். சின்னப் பலகை, குறுக்கால கோடு போட்டு ஒன்பது கட்டம். பழைய அரைப்பென்னி நாணயம் அஞ்சு. நாணயத்தைப் பலகை விளிம்பில கொஞ்சம் வெளிய நீட்டி வச்சு, உள்ளங்கையின்ர அடிப்பாகத்தால தட்டிவிட வேணும். கோட்டில முட்டினால் கணக்கில்லை. ஒவ்வொரு கட்டத்திலயும் மூண்டு தரம் விழுத்த வேணும். நாலாவதா விழுந்தது எதிராளிக்குப் போய்ச்சேரும், அவருக்கு அங்க இன்னும் தேவையெண்டால்.

அந்த அரைப்பென்னி 1969 ஆகஸ்டோட செல்லாக் காசாப் போச்சு. என்னட்ட இருக்கிற அஞ்சிலயும் பின்பக்கத்துக் கப்பல் படம் தேஞ்சு மறைஞ்சு போச்சு, யாரோ ஒருத்தர் வழுக்குறதுக்காகத் தேய்ச்சிருக்கிறார். பலகையைச் சில இடங்களில பாருக்குப் பின்னால வச்சிருப்பினம், வாய் திறந்து கேட்டால்தான் எடுத்துத் தருவினம்.

நகர்வலம் எழுதியது:

சரி, நான் வாபஸ். 😀 ஆனா லூயிஸ்ங்கற ஊர்ப் பக்கம் ஏதோ காசு எறியற ஆட்டம் இருக்கறதா எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரே?

வெள்ளைக்குச்சி எழுதியது:

அது டோட் இன் தி ஹோல். ஈயத் தகடு போர்த்தின சாய்வு மேஜை, நடுவுல ஒரு ஓட்டை, நாலு பித்தளை வட்டு. ஓட்டைல விழுந்தா 2, தகட்டு மேல தங்கினா 1. ஈயத்துல பித்தளை விழற "தொப்"ங்கற சத்தத்துக்காகவே போகலாம். ஆனா விக்டோரியால இருந்து ஒரு மணி நேர ரயில். அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கணும்.

கிழக்குக்கரை சொன்ன ஷவ் ஹேப்பென்னிய எப்படி மறந்தேன்னு தெரியல. இந்த மாதிரிப் பழைய ஆட்டங்களை அந்தக் காலத்துல அரசாங்கமே விரட்டியிருக்கு. 1541ல எட்டாம் ஹென்றி போட்ட சட்டப்படி உழைக்கற ஜனங்க கிறிஸ்துமஸ் தவிர மத்த நாள்ல பந்து உருட்டக்கூடாது. போய் வில் பழகுங்கடான்னார். வில் போச்சு, ஆட்டம் இருக்கு.

பல்லாங்குழி எழுதியது:

போயிட்டு வந்தோம்! போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் போனோம். டெப்ட்ஃபோர்ட் மட்டும்தான், வேற எங்கயும் போகல, நேரமே இல்ல.

முதல் ஆட்டத்துல அப்பா கியூவை, அதான் அந்தக் கோலை, பிடிக்கத் தெரியாம ரொம்பத் தடுமாறினார். பக்கத்து மேஜைல இருந்த ஒரு பெரியவர், ஒரு கைல ரெண்டு விரல் இல்லாதவர், எழுந்து வந்து இவர் கையைப் பிடிச்சு கோல் நகர விரலால எப்படிப் பாலம் வைக்கறதுன்னு காட்டிக் கொடுத்தார். அவர் பேசினது அப்பாவுக்குப் புரியல, அப்பா பேசினது அவருக்குப் புரியல. ரெண்டாவது ஆட்டத்துல அப்பா 480 வரைக்கும் போயிட்டார். கம்பி விழற சத்தமும் கேட்டாச்சு. பந்து மூணுதான் பாக்கி. சும்மா இருந்திருக்கலாம். 200க்குக் குறி வச்சார். கறுப்பு மெதுவா, ரொம்ப மெதுவா ஆடி, விழாது போலன்னு நினைக்கும்போது விழுந்துச்சு. அந்தப் பெரியவர்தான் கரும்பலகைல 480ஐ அழிச்சுட்டு, பெரிசா ஒரு பூஜ்யம் போட்டார். ரெண்டு கிழவர்களும் கண்ல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க.

இப்ப வீட்ல புது வேலை. சமையலறை மேடை விளிம்புல ரெண்டு பென்ஸ் காசை வச்சு உள்ளங்கையால தட்டிக்கிட்டே இருக்கார். ஊருக்குப் போகும்போது ஒரு ஷவ் ஹேப்பென்னி பலகை வேணுமாம். விமானத்துல எடுத்துட்டுப் போற எடைல கிடைக்குமா?

கிழக்குக்கரை எழுதியது:

மரப்பலகையா வாங்குங்கோ, சிலேட்டுக் கல்லில செய்ததை வாங்கிப்போட்டு விமான நிலையத்தில நிண்டு சண்டை பிடியாதேங்கோ. நாணயம் அஞ்சையும் நான் அனுப்பிவிடுறன், என்னட்ட இன்னொரு செட் கிடக்கு.