ஐதுதாக்கி போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். வரும் ஆகஸ்டில் நான், மனைவி, அம்மா மூவரும் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து பசிபிக் கடலில் இருக்கும் குக் தீவுகளுக்குப் போகிறோம். முதலில் அங்குள்ள பெரிய தீவான ரரோதோங்கா போய், அங்கிருந்து சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் ஐதுதாக்கி என்ற தீவு.

முதல் குளறுபடி என்னுடையதுதான். நடுவில், தாண்டினால் நாள் மாறிவிடும் சர்வதேசத் தேதிக்கோடு இருப்பதை மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினால் அங்கே திங்கட்கிழமை மாலைதான் போய் இறங்குவோம்! தங்குமிடத்தையோ செவ்வாய் இரவிலிருந்து பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதை மாற்றிக்கொள்கிறேன், விடுங்கள்.

கேட்க வந்தது அம்மாவைப் பற்றி. வயது 68, முழங்கால் வலி, நீச்சல் தெரியாது. ஆனாலும் ஐதுதாக்கிக் காயலின் ஓரத்தில் இருக்கும் ஒற்றைப் பாதத் தீவில் (One Foot Island) இறங்கிப் பாஸ்போர்ட்டில் பாத முத்திரை குத்திக்கொள்ள வேண்டுமாம். படகிலிருந்து இறங்கும்போது தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்கும்? கைப்பிடி வைத்த ஏணி உண்டா? கூரை போட்ட படகு கிடைத்தால் நல்லது.

அப்புறம், அம்மா சுத்த சைவம். படகுப் பயணத்தில் சுட்ட மீன்தான் சாப்பாடு என்கிறார்கள். சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலை எல்லாம் அந்த ஊர்ச் சாப்பாடுதானே, முன்கூட்டிச் சொன்னால் தனியாகச் செய்து தருவார்களா? ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் அரிசியும் பருப்பும் கொண்டுபோகலாமா என்றும் யோசனை. தீவுக்குள் நுழையும்போது உணவுப் பொருளை எவ்வளவு கறாராகச் சோதிக்கிறார்கள்?

பெரியவர்களை அழைத்துப் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.