பிடரியா, எருத்தா, பின்கழுத்தா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செவிலிய மாணவர்களுக்கான உடலியல் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கழுத்தின் பின்புறத்துக்கு மட்டும் இன்னும் சொல் முடிவாகவில்லை. என் வாக்கு 'பிடரி'க்கு.

'மிடறு' என்று எழுதலாம் என்ற ஐயாவுக்கு: மிடறு என்பது தொண்டை, கழுத்தின் உட்புறம். "பன்னீ ருயிரும் தந்நிலை திரியா மிடற்றுப் பிறந்த வளியி னிசைக்கும்" என்று தொல்காப்பியர் சொல்வது குரல் எழும் இடத்தை. ஒரு மிடறு தண்ணீர் இறங்குவதும் அந்த வழியாகத்தான். அதை முதுகுப் பக்கம் இழுத்துவர முடியாது.

எருத்து என்று எழுதச் சொன்னவருக்கு: கழுத்தைக் குறிக்கும் அந்தப் பழஞ்சொல் எனக்கும் பிடித்ததுதான். பரிபாட்டு என்ற பாவகையின் உறுப்புகளில் ஒன்றுக்கு எருத்து என்று பெயர், பாட்டின் கடைசி அடிக்கு முந்தைய அடிக்கு எருத்தடி என்று பெயர். நுகம் ஏறும் எருத்திலிருந்தே எருது வந்தது என்று நீங்கள் மூன்று மடல்களாக நிறுவியதும் சரியாகவே இருக்கட்டும். ஆனால் எருது என்ற சொல்லும் கூட்டுச்சொல்லில் எருத்து என்றாகி, எருதின் கால் எருத்துக்கால் ஆயிற்றே! 'எருத்து வலி' என்று படிக்கும் மாணவிக்கு மாடுதான் நினைவுக்கு வரும்.

பிடரியும் விலங்குக்கு உரியது, சிலம்பில் கொற்றவை ஏறிநிற்கும் பிடர்த்தலைகூட எருமையுடையது என்கிறீர்கள். சரி, ஆனால் "குதிகால் பிடரியில் பட ஓடினான்" என்று மனிதனைத்தானே சொல்கிறோம்?

தலையைக் குனிந்து பின்னால் விரலால் தடவிப் பாருங்கள். கழுத்து முடியும் இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும். பெரும்பாலும் அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. மண்டையோட்டின் பின்புறத்திலிருந்து அதுவரை உறுதியான நார் ஒன்று நடுவில் இறங்குகிறது. பிடரி என்றால் இந்த இடம் முழுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். பிடரி நார், பிடரித் தசை, பிடரி வலி என்று கூட்டுச்சொல்லும் எளிதாக வருகிறது.

பின்கழுத்து என்றால், கழுத்து என்ற சொல் ஏற்கெனவே நிறையப் பொருள் சுமக்கிறது. தொடையெலும்புக்கும் பல்லுக்கும் கருப்பைக்கும் கழுத்து உண்டு. இதில் 'பின்' சேர்த்தால் கருப்பைக் கழுத்தின் பின்புறத்தை என்னவென்று எழுதுவது?

மாணவர்களுக்குப் பின்கழுத்துதான் படித்தவுடன் புரியும் என்கிறார் வகுப்பெடுக்கும் அம்மா. அதை நான் மறுக்கவில்லை. முதலில் வரும் இடத்தில் 'பிடரி, அதாவது கழுத்தின் பின்புறம்' என்று எழுதினால் போதும் என்பது என் எண்ணம்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் பின்கழுத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். வியாழன் இரவுக்குள் வேறு கருத்து வராவிட்டால் பாடத்தில் அதையே போட்டுவிடுகிறேன். சொல்லடைவிலாவது அதன் பக்கத்தில் பிடரியையும் வைக்கச் சம்மதியுங்கள்.