பாலைவனச் சந்திப்பு: பார்க்க மட்டுமா, பிடிக்கவும் செய்யலாமா?

மணல்வாசி:
டரான்டுலா என்கிற பெரிய ரோமச் சிலந்தி, தேள், பூரான் என்று அலைகிற நம் ஆட்கள் வருகிற பருவமழையின்போது அரிசோனாவில், சோனோரா பாலைவனத்தில் ஒரு வார இறுதிக்குக் கூடுவதாக இருக்கிறோம். பகலில் பேச்சு. வளர்ப்பவர்கள் குஞ்சுகளை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் சில மேசைகள். இருட்டியதும் புற ஊதா டார்ச்சோடு நடை. இழுபறி ஒரே ஒரு விஷயத்தில்தான்: நடையில் கண்ணில் படுவதைப் பிடித்துக்கொண்டு போகலாமா? சகுவாரோ தேசியப் பூங்காவுக்குள் ஓர் எறும்பைக்கூட எடுக்கக் கூடாது, அங்கே நாம் போகவும் இல்லை. சட்டம் தடுக்காத மற்ற இடங்களில் ஆளுக்கு ஒன்று எடுத்தால் குடிமுழுகிப் போய்விடாது என்பது என் எண்ணம். உங்கள் கருத்து?

கள்ளிக்காடு:
குடி முழுகத்தான் செய்யும், எதை எடுக்கிறோம் என்று பார்த்தால். அந்தப் பக்கம் அதிகம் தட்டுப்படுவது அஃபோனோபெல்மா சால்கோடெஸ், வெளிர்நிற முதுகுள்ள பாலைவன டரான்டுலா. பெண் பருவத்துக்கு வரவே எட்டு, பத்து வருடம் ஆகிவிடும். அப்புறமும் இருபது வயதைத் தாண்டி வாழும், பெரும்பாலும் அதே வளையில். ஒரு பெண்ணைத் தோண்டி எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்று வளர்ந்து நிற்க நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வயது வந்துவிடும். "ஆளுக்கு ஒன்று" என்பது சின்னக் கணக்காகத் தெரியும். அத்தனை பேரும் போவது ஒரே பள்ளத்தாக்குக்குத்தானே?

எட்டுக்கால்:
பெண்ணை எடுக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆணை எடுத்தால் என்ன? மழைக்காலத்தில் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருப்பவை எல்லாம் கடைசிச் சட்டை உரித்துப் பருவத்துக்கு வந்த ஆண்கள். எப்படியும் சில மாதங்களில் சாகப் போகிறவை. நாம் எடுக்காவிட்டால் கார் டயரில் போகும், இல்லையென்றால் டரான்டுலா வேட்டைக் குளவியிடம் மாட்டும். பக்கத்து நியூ மெக்சிகோ அந்தக் குளவியை 1989-ல் மாநிலப் பூச்சியாகவே அறிவித்துவிட்டது! அது கொட்டி முடக்கி, இழுத்துப்போய், மேலே ஒரு முட்டையிட்டு மூடிவிடுகிறது. இத்தனைக்கும் நடுவில் நாம் எடுக்கிற நாலைந்துதான் இனத்தை அழிக்கப் போகிறதா?

இரவுவிளக்கு:
எட்டுக்கால் அண்ணா, அந்த ஆண் எதற்காகச் சாலையைக் கடக்கிறது என்பதை விட்டுவிட்டீர்கள். எட்டு வருடம் போல வளையிலேயே கிடந்துவிட்டு அது வெளியே வருவதே பெண்ணைத் தேடித்தான். பெண்ணின் வளை வாசலுக்கு வந்து தரையைத் தட்டும். உள்ளே இருப்பவள் பதில் கொடுத்தால் மெதுவாக நெருங்கும். அவள் பற்களை விரித்து எழும்பும்போது, முன்னங்காலில் இருக்கும் சின்னக் கொக்கிகளால் அந்தப் பற்களைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அடியில் புகுந்து வேலையை முடித்துவிட்டு ஒரே ஓட்டம். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி, அசையாமல் உட்கார்ந்தால் முழுவதையும் பார்க்கலாம். சாகப் போகிறது என்பது உண்மை. ஆனால் அது வாழ்ந்ததே இந்தச் சில வாரங்களுக்காக. பெண்ணைக் கண்டுபிடித்த பிறகு எடுத்தீர்களா, அதற்கு முன்பா என்று சாலையில் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா?

குளவியையும் நம்மையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குளவி தன் குஞ்சு தின்னத்தான் எடுக்கிறது. நாம் அலமாரியில் வைக்க எடுக்கிறோம், அதுவும் செத்துப்போகப் போகிற ஆணை. அதை வளர்க்கவும் முடியாது, இனப்பெருக்கத்துக்கு வைத்தால் வீட்டில் பெண் வேண்டும். அந்தப் பெண் எங்கிருந்து வரும்?

எட்டுக்கால்:
வளர்ப்பவர்களிடமிருந்து வரும் தம்பி. அதற்குத்தான் மேசை போடச் சொல்கிறேன். வீட்டில் பிறந்த குஞ்சு தாராளமாகக் கிடைத்தால் காட்டில் பிடிக்க யாருக்கும் தேவை இருக்காது. மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டரான்டுலா காட்டிலிருந்து கண்டபடி பிடிக்கப்பட்டு, 1985-ல் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலுக்குப் போனது. இன்று அதன் குஞ்சுகள் வளர்ப்பவர்களிடமே எளிதாகக் கிடைக்கின்றன.

கள்ளிக்காடு:
உங்கள் உதாரணத்தையே திருப்பிப் போடுகிறேன். சால்கோடெஸ் குஞ்சு வளர்வது ஆமை வேகம். பத்து வருடம் தீனி போட்டு வளர்த்து ஒரு பெண்ணை விற்க எந்த வியாபாரிக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு மண்வெட்டியும் ஒரு மணி நேரமும் போதும், காட்டிலிருந்தே எடுத்துவிடலாம். அதனால் மேசையில் கையகலப் பெண் ஒன்று இருந்தால், அது வீட்டில் பிறந்ததென்று சொல்கிறவரிடம் நான் பத்து வருடக் கணக்கைக் கேட்பேன். குஞ்சு மட்டும் இருந்தால் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆந்திராவின் நீல டரான்டுலாவையும் பாருங்கள். 1899-ல் விவரிக்கப்பட்டது, நூறு வருடம் யார் கண்ணிலும் படாமல் 2001-ல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகமெங்கும் அலமாரிகளில் இருக்கிறது. காட்டிலோ இன்னும் மிக ஆபத்தான நிலையில்தான் இருக்கிறது. வளர்ப்பு பெருகியதால் அந்தக் காடு திரும்பி வந்ததா?

மணல்வாசி:
காடு போனது விறகுக்கும் மரவெட்டுக்கும். அதை வளர்ப்பவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. நம் பாலைவனத்திலும் புதுக் குடியிருப்புக்காக ஒரு புல்டோசர் ஒரு காலையில் அழிக்கும் வளைகளை நாம் வாழ்நாள் முழுக்கத் தோண்டினாலும் எட்ட முடியாது. அதை எதிர்த்துப் பேச ஆள் வேண்டுமென்றால், இந்தப் பிராணிகளை ஒருமுறையாவது கையில் வைத்துப் பார்த்தவர்கள்தான் வருவார்கள்.

புதுசு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குழந்தையோடு வரலாமா? தேள் பயம் இருக்கிறது.

இரவுவிளக்கு:
வாங்க. பெரிய ரோமத் தேள் பதினாலு செ.மீ. வரை வளரும், பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது மெலிந்த மரப்பட்டைத் தேள். அது கல்லுக்கும் கட்டைக்கும் அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லின் அடியில் விரலை விட்டுத் தூக்கினால் நேராக அதன் மேல்தான் கை படும். குழந்தைகளுக்கு அதன் கடி ஆபத்தானது. 2011-ல் அங்கீகரித்த எதிர்மருந்து இருக்கிறது, கொட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூடிய செருப்பு, கையை வைக்குமுன் ஒரு தடவை டார்ச். புற ஊதா விளக்கில் தேள் பச்சையாக ஒளிர்வதால் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் இப்போதுதான் சட்டை உரித்த தேள் ஒளிராது, அதனால் விளக்கை மட்டுமே நம்ப வேண்டாம்.

மணல்வாசி, "கையில் வைத்துப் பார்த்தவர்கள்தான்" என்பதை நான் ஏற்கவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே டரான்டுலாவின் வயிறு வெடித்துவிடும். முதல்முறை வருகிறவர் கையில் அது ஓடத் தொடங்கியதும் என்ன செய்வார்? உதறுவார். அது மட்டுமா, பயந்தால் பின்காலால் வயிற்று முடியை உதிர்த்துவிடும், கண்ணில் பட்டால் வாரக்கணக்கில் அவஸ்தை.

கள்ளிக்காடு:
இன்னொன்று. அமெரிக்காவின் டரான்டுலாக்களை 2016-ல் மறுஆய்வு செய்து 29 இனங்கள் என்று முடிவு கட்டினார்கள். அதில் 14 புதியவை. அவற்றில் சில ஒரே ஒரு மலைத்தொடரில்தான் இருக்கின்றன. காட்டலினா மலை இனம், சிரிகாவா மலை இனம் எல்லாம் அப்படித்தான். ஒரு மலையை விட்டு இறங்காத இனத்தில் ஒருவர் ஒன்று எடுத்தாலும் அது எத்தனையில் ஒன்று என்று யாருக்குத் தெரியும்? மேலும் சில இனங்கள் உருவத்தில் சிறியவை, பெரிய இனத்தின் குஞ்சு என்று நினைத்து எடுத்துவிடலாம். பொதுவான இனமா, அரியதா என்று நடையில் யார் முடிவு செய்வது? ஆகவே மலைப் பக்கம் கண்டிப்பாக வேண்டாம். அப்புறம் படத்தை இடத்தோடு பதிவிடுவது அதைவிட மோசம். வளை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தோடு ஜிபிஎஸ் குறியீடு போனால், மறுநாள் யாரோ மண்வெட்டியோடு வருவார்கள்.

மணல்வாசி:
சரி, இப்படி வைக்கிறேன். நடையில் எதையும் எடுப்பதில்லை, கல்லைப் புரட்டினால் இருந்தபடியே வைப்பது, படத்தில் இடம் இல்லை. மேசையில் குஞ்சுகள் மட்டும், வளர்ந்த பெண் இருந்தால் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு. சாட்டைத் தேளைக் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், பயந்தால் அது பீய்ச்சுகிற திரவத்தின் வினிகர் வாசத்துக்குத் தயாராக வரவும். எட்டுக்கால், ஒத்துவருமா?

எட்டுக்கால்:
மேசை போடுகிறேன். குஞ்சுகளுக்கு விவரப் பட்டியலும் தருகிறேன். நடைக்கு வரவில்லை, சாலையில் அடிபட்ட ஆணைக்கூட எடுக்கக் கூடாது என்று நாளை இன்னொருவர் சொல்வார்.

கள்ளிக்காடு:
அடிபட்டதை எடுத்து ஆல்கஹாலில் போட்டு, இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு பல்கலைக்கழகச் சேகரிப்புக்குக் கொடுங்கள். அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்ல மாட்டோம். குப்பி நானே கொண்டுவருகிறேன்.